தொட்டிலில் ஓர் ஆராய்ச்சிக்காரன்



பத்து மாதக் குழந்தை ஒன்று தாயின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. கையிலுள்ள கரண்டியைக் கீழே போடுகிறது. அம்மா எடுத்துக் கொடுக்கிறாள். மறுபடியும் போடுகிறது. மறுபடியும் எடுத்துக் கொடுக்கிறாள். ஏழாம் தடவை அவளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. "வேண்டுமென்றே செய்கிறாயா?" என்று அதட்டி, கரண்டியைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள். குழந்தை வீறிட்டு அழுகிறது. இப்படி நடக்காத வீடு நம் பங்கில் உண்டா?

தாய் சொன்னது உண்மைதான். குழந்தை அதை வேண்டுமென்றேதான் செய்தது. ஆனால் அது சோதித்தது தாயின் பொறுமையை அன்று, கரண்டியை. கையை விட்டால் கரண்டி எங்கே போகிறது? எப்போதும் கீழேதான் போகுமா? ஒவ்வொரு தடவையும் அதே சத்தம் கேட்குமா? அம்மா ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தருவாளா? இத்தனை கேள்விகளையும் வாய் திறந்து கேட்க அதற்குப் பேச்சு வரவில்லை. ஆகையால் கையால் கேட்கிறது.

குழந்தையின் விளையாட்டு எத்தகையது, அதில் தாய் தகப்பனுக்குள்ள பங்கு என்ன என்பதே இவ்வாரக் குடும்பப் பாடம்.

1. தன் பிள்ளைகளையே பாடமாகப் படித்த தகப்பன்

சுவிட்சர்லாந்து தேசத்தில் 1896-ம் ஆண்டு பிறந்தவர் ழான் பியாஜே என்னும் அறிஞர். அவருக்கு 1925-க்கும் 1931-க்கும் இடையில் ழாக்லீன், லூசியன், லொரான் என்று மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அவரும் அவர் மனைவி வலந்தீனும் தங்கள் பிள்ளைகள் பிறந்த நாள் முதல் அவர்களோடு விளையாடி, அவர்கள் செய்ததையெல்லாம் நாள்தோறும் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு 1936-லும் 1937-லும் பியாஜே வெளியிட்ட நூல்கள் உலகெங்கும் குழந்தைகளைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிவிட்டன. அவர் எழுதியது பிரெஞ்சு மொழியில். நம் காரைக்காலில் அம்மொழி கற்ற பெரியவர்களுக்கு அந்நூல்கள் அந்நியமானவை அல்ல.

மகன் லொரான் பத்து மாதத்தில் மல்லாந்து படுத்தபடி ஒரு பொம்மை அன்னத்தையும், பிறகு ஒரு பெட்டியையும், கையை நீட்டிக் கீழே விட்டதைத் தகப்பன் கவனித்தார். பையன் ஒவ்வொரு தடவையும் கையின் நிலையை மாற்றினான். மேலே உயர்த்தி ஒரு தடவை, பக்கவாட்டில் நீட்டி ஒரு தடவை. பொருள் தலையணைமேல் விழுந்தபோது, அதே இடத்தில் மீண்டும் இரண்டு மூன்று தடவை விழவிட்டுப் பார்த்தான். ஒன்றை மாற்றி என்ன விளைகிறது என்று பார்ப்பதும், விளைந்தது மறுபடி விளையுமா என்று பார்ப்பதுமே கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பவர் செய்வது. லொரான் அதைப் படுக்கையிலேயே செய்தான்.

பியாஜே வேறொன்றும் செய்து பார்த்தார். குழந்தை விரும்பிப் பார்க்கும் பொம்மையை அதன் கண்ணெதிரே ஒரு துணியால் மூடினார். ஏழெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை துணியை விலக்கித் தேடாமல் சும்மா இருந்துவிட்டது. அதற்குச் சற்று மூத்த குழந்தை துணியை இழுத்துப் பொம்மையை எடுத்தது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள், மறைந்த பொருள் இல்லாமல் போகவில்லை என்பதை இன்னும் இளம் குழந்தைகளும் ஓரளவு அறிவார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். எப்படியாயினும், முந்தானையால் முகத்தை மூடித் திறந்து காட்டும்போது குழந்தை ஏன் கலகலவென்று சிரிக்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? மறைந்த அம்மா திரும்பி வருவாள் என்ற எண்ணம் அதற்கு மெய்யாகி விடுகிறது. அந்த நம்பிக்கையின் ஆனந்தமே அந்தச் சிரிப்பு.

2. நம் முன்னோர் வகுத்த பத்துப் பருவம்

குழந்தையை இவ்வாறு உற்றுப் பார்ப்பது மேல்நாட்டார் மட்டும் செய்தது என்று எண்ண வேண்டாம். நம் தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு நூல்வகை உண்டு. ஒட்டக்கூத்தர் 12-ம் நூற்றாண்டிலே குலோத்துங்க சோழன்மேல் ஒன்று பாடினார். குமரகுருபரர் 17-ம் நூற்றாண்டிலே மதுரை மீனாட்சியம்மைமேல் பாடினார். இஸ்லாமியப் புலவர்களும் கிறிஸ்தவப் புலவர்களும் தத்தம் மார்க்கத்துக்கு உகந்தவர்களைக் குழந்தையாக வைத்துப் பாடியிருக்கிறார்கள்.

இந்நூல்களில் குழந்தையின் வளர்ச்சி, மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பத்துப் பருவமாய் வகுக்கப்படுகிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து அசைந்தாடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டுதல். பதினொன்றாம் மாதம் முத்தம் தருதல். பதின்மூன்றாம் மாதம் வருகை: தளர்நடை நடந்து வருதல். பதினைந்தாம் மாதம் அம்புலி: நிலாவைச் சுட்டிக் காட்டி விளையாட அழைத்தல். ஆண்பிள்ளையானால் பிறகு மணல்வீடு அழித்தலும், சிறு பறை கொட்டுதலும், சிறு தேர் இழுத்தலும் வரும். பெண்பிள்ளையானால் அம்மானையும் ஊசலும் போன்றவை வரும்.

ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தானே நடக்கின்றன என்றும், ஒரு வயதை ஒட்டிய மாதங்களில் விரலால் சுட்டிக்காட்டக் கற்கின்றன என்றும் இன்றைய மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். புலவர்கள் கணக்கு இதிலிருந்து அதிகம் விலகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்பருவங்களில் குழந்தை தனியாக இருப்பதில்லை. கை கொட்டு என்று ஒருவர் கேட்கிறார். முத்தம் தா என்று ஒருவர் இரக்கிறார். வா என்று ஒருவர் கை நீட்டுகிறார். நிலாவை ஒருவர் காட்டுகிறார். அரசனைப் பாடினாலும் தெய்வத்தைப் பாடினாலும், புலவன் தாயாக மாறிக் குழந்தையோடு விளையாடியே ஆக வேண்டும்.

3. உள்ளங்கையில் ஒரு பள்ளிக்கூடம்

பருப்புக் கடையும் விளையாட்டை அறியாத பாட்டி காவிரிக் கரையில் இல்லை. குழந்தையின் உள்ளங்கையில் நம் முழங்கையை வைத்துக் கடைகிறோம். பிறகு ஐந்து விரலையும் ஒவ்வொன்றாய் மடக்கி, வீட்டிலுள்ளவர்கள் பேரைச் சொல்லிச் சோறு பங்கிடுகிறோம். கடைசியில் இரண்டு விரலை நண்டாக்கி, குழந்தையின் கைமேல் ஊரவிட்டு, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறோம். அரை நிமிஷ விளையாட்டு. இதில் எத்தனை பாடம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்.

விரல் ஒவ்வொன்றாய் மடங்குவதில் எண்ணிக்கை இருக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், அக்காள் என்று பங்கு வைப்பதில் உறவுமுறை இருக்கிறது. தனக்கு மட்டுமல்ல, பிறர்க்கும் உண்டு என்ற தர்மமும் இருக்கிறது. ஒரே சொல் ஒரே ராகத்தில் திரும்பத் திரும்ப வருவதால் பேச்சு பதிகிறது. நண்டு மெல்ல ஏறும்போது, வரப்போகும் கிச்சுகிச்சை எண்ணிக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. அடுத்தது இன்னது என்று முன்கூட்டி அறிவது சாமானியப் புத்தியா? இவ்வளவுக்கும் செலவு ஒரு காசும் இல்லை.

சாய்ந்தாடுதல், கை வீசுதல், நிலாவைக் கூப்பிடுதல் எல்லாம் இத்தகையவையே. மரப்பாச்சியும், கிலுகிலுப்பையும், நடைவண்டியும் நம் வீடுகளில் பரம்பரையாக இருந்தவை. இவை பழம்பஞ்சாங்கம் என்று தள்ளி, விலையுயர்ந்த மின்சாரப் பொம்மையைத் தேடி அலைய வேண்டியதில்லை. விசை தட்டினால் தானே ஆடும் பொம்மை முன் குழந்தைக்குச் செய்ய ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூடி போட்ட இரண்டு டப்பாவும், ஒரு கரண்டியும், ஒரு கொட்டாங்கச்சியும் கொடுத்துப் பாருங்கள். அரைமணி நேரம் வேலை செய்யும்.

4. பத்தும் பட்டும்

"ஒன்றும் புரியாத குழந்தையிடம் என்ன பேசுவது?" என்று கேட்கும் தகப்பன்மார் உண்டு. புரியாது என்று யார் சொன்னது? பிறந்து மூன்று நாளுக்குள் குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிந்து அதையே விரும்புகிறது என்று 1980-ல் அமெரிக்காவில் செய்த பரிசோதனை காட்டியது. வயிற்றிலிருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் அல்லவா?

1984-ல் கனடா தேசத்தில் வெளியான இன்னொரு ஆராய்ச்சி நமக்கு மிகவும் பொருந்தும். தமிழில் பத்து என்பதும் பட்டு என்பதும் வெவ்வேறு. நடுவில் உள்ள எழுத்தே பேதம். இந்தியிலும் இத்தகைய பேதம் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் அந்தப் பேதத்தைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதமானவைகளோ பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. தன்னைச் சுற்றி வழங்காத ஒலியை அவற்றின் காது கைவிட்டு விட்டது.

ஆகவே குழந்தை பேசுவதற்கு முன்னமேயே, நாம் பேசுவதைக் கேட்டுத் தன் காதைச் செப்பனிடுகிறது. பின்னால் எந்தப் பாஷைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும், தொட்டிலில் இருக்கும்போது உங்கள் நெஞ்சிலிருந்து வரும் தமிழில் தாராளமாகப் பேசுங்கள். குளிப்பாட்டும்போது, "இது கை, இது முழங்கால், இப்போது தண்ணீர் ஊற்றப் போகிறேன்" என்று சொல்லுங்கள். அது "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று பதில் சொல்லி, அது மறுபடி சொல்லும்வரை காத்திருங்கள். சம்பாஷணை என்பது அங்கேதான் ஆரம்பமாகிறது.

5. அடையாற்றில் தங்கிய அம்மையார்

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இத்தாலிய வைத்தியரான மரியா மொந்தெசோரி அம்மையார், 1907 ஜனவரி 6-ம் நாள் ரோமாபுரியின் ஏழைகள் பேட்டையொன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதம் தங்க வந்தவர் யுத்தத்தின் காரணமாக 1946 வரை நம் நாட்டில் தங்கும்படி ஆயிற்று, கொடைக்கானலிலும் இருந்தார். பிறந்தது முதல் முதல் ஆறு வருஷங்களில் குழந்தையின் மனம் எப்படிச் சுற்றியுள்ளதையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது என்று விளக்கும் அவருடைய பேர்பெற்ற நூல் 1949-ல் அடையாற்றிலிருந்தே முதலில் வெளியாயிற்று.

ரோமாபுரி இல்லத்தில் அவர் கண்டதைக் கேளுங்கள். சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையிலுள்ள துளைகளில் அளவுக்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் பொருத்தியவுடன் கழற்றிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார்கள்; அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள்; உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்து, களைப்பில்லாமல் சந்தோஷமாக எழுந்தாள்.

அன்று முதல் மொந்தெசோரி அம்மையார் கண்ட பாடம் இது: குழந்தை மனம் ஊன்றிச் செய்யும் காரியத்தின் நடுவே பெரியவர்கள் குறுக்கிடலாகாது. நாமோ குறுக்கிடுவதில் கெட்டிக்காரர்கள்! பிள்ளை சட்டைப் பொத்தானோடு போராடும்போது, "நேரமாகிறது" என்று நாமே மாட்டிவிடுகிறோம். விளையாடத் தெரிந்த பெற்றோருக்குச் சும்மா இருக்கவும் தெரிய வேண்டும்.

6. அசையாத முகம்

எட்வர்டு டிரானிக் என்ற அமெரிக்க அறிஞர் 1970-களில் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. தாய் தன் குழந்தையோடு கொஞ்சி விளையாடிக் கொண்டிருப்பாள். பிறகு சில நிமிஷம் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கூவும். தாயின் முகம் அசையாதபோது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைசியில் மனம் உடைந்து அழும். தாய் மறுபடி சிரித்ததும் சமாதானமாகும். இது நடப்பது மூன்று நிமிஷத்துக்குள்.

இன்று நம் வீடுகளில் இந்தப் பரிசோதனை தினமும் நடக்கிறது. கையில் கைப்பேசி, கண் அதன்மேல், முகத்தில் அசைவில்லை. எதிரே குழந்தை கூவிப் பார்க்கிறது. வேறு சில வீடுகளில், குழந்தை சோறு உண்ண வேண்டும் என்று கைப்பேசியை அதன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஒரு வயதிலும் அது தகாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்தது. திரை, குழந்தையின் "ங்கா"வுக்குப் பதில் சொல்லாது. அது காத்திருக்கத் தெரியாத தோழன்.

ஆனால் நம்மூரில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் தகப்பன்மார் நம்மில் அநேகர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, தூரத்து உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் அழைப்பு மட்டும் ஆகும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் ஒப்புக்கொள்கிறது. ஆகையால் அயல்தேசத்திலுள்ள தகப்பனே, அழைக்கும்போது "பணம் வந்ததா?" என்பதோடு முடித்துவிடாதே. முகத்தை மூடித் திற. கை கொட்டிக் காட்டு. பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடு. தாய்மார்களே, திரையிலுள்ள அப்பாவைக் குழந்தைக்குக் காட்டிப் பேசுங்கள். வீடு திரும்பும் நாளில் அது அவரைக் கண்டு பயந்து அழாதிருக்க இது உதவும்.

7. மரியாதை போய்விடுமா?

"பிள்ளையோடு விளையாடினால் தகப்பனுக்குப் பயம் இராது" என்பது ஒரு பழைய அபிப்பிராயம். ஒரு வயதுக் குழந்தைக்குத் தகப்பனிடம் தேவை பயமல்ல, பழக்கம். முதுகில் ஏற்றி யானையாட்டம் ஆடிய தகப்பன் பத்து வருஷம் கழித்து "கூடாது" என்று சொன்னால், பிள்ளை அச்சொல்லின் பின்னாலுள்ள அன்பை அறியும். விளையாடாத தகப்பனிடம் பிள்ளைக்கு எஞ்சுவது சத்தத்தின் பயம் மட்டுமே.

நம் ஆண்டவரும் ஒரு காலத்தில் நசரேத்தூரில் தளர்நடை நடந்தவர்தாம். தச்சுப்பட்டறையில் சிதறிக் கிடந்த மரச்சுருளைச் சூசையப்பர் அவர் கையில் கொடுத்திருக்க மாட்டாரா? பிற்காலத்தில், பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் அதட்டிய சீஷர்களைக் கண்டித்து, அப்பிள்ளைகளை அரவணைத்தவர் அவர் என்று சுவிசேஷம் சொல்லுகிறது.

விளையாட்டுக்கு வேலியும் வேண்டும். ஆராய்ச்சிக்காரனுக்கு ஆபத்துத் தெரியாது. காசு, பொத்தான், கடலை, வட்டச் சின்ன பாட்டரி இவை கைக்கு எட்டலாகாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தவழும் குழந்தைக்கு அது கிணறு. மருந்தும் மண்ணெண்ணெயும் உயரே இருக்கட்டும். ஆபத்தை அகற்றிவிட்டால், "தொடாதே" என்ற சொல்லுக்கு அதிக வேலையிராது.

ஒரு வயதாகியும் பேர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் நடக்காத அல்லது எதையும் சுட்டிக்காட்டாத குழந்தை இருந்தால், "வளர வளரச் சரியாகும்" என்று காலங்கடத்தாமல் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். விளையாடும் பெற்றோருக்கே இக்குறைகள் முதலில் தென்படும். சீக்கிரம் காட்டினால் உதவி அதிகம்.

வீட்டில் வாசித்துப் பேச

வினா: குழந்தை ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது ஏன்?
விடை: செய்தது மறுபடியும் அப்படியே விளையுமா என்று அறிந்துகொள்ள.

வினா: குழந்தைக்கு முதல் விளையாட்டுச் சாமான் எது?
விடை: தாய் தகப்பனின் முகமும் குரலும் கையும்.

வினா: விளையாட்டில் பெற்றோர் கடமை என்ன?
விடை: அழைத்தால் சேருவது, மனம் ஊன்றியிருந்தால் குறுக்கிடாமல் இருப்பது, ஆபத்தை அகற்றுவது.

இவ்வாரத் தீர்மானம்: தினமும் ராச்சாப்பாட்டுக்குமுன் கால்மணி நேரம் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, தகப்பனும் தாயும் பிள்ளையோடு தரையில் உட்காருவது. நம் குழந்தை இன்று கையில் எடுத்த கேள்வி என்ன என்று உற்றுப் பார்த்து, படுக்கப்போகுமுன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. செங்கீரையிலிருந்து சிறுதேர் வரை முழுதும் ஒன்றரை வருஷந்தான். அது திரும்பி வராது.